பச்சைமுத்து சவுண்ட் சர்வீஸும் ஓர் ஒற்றைத் தலைவலியும்

மணிமாறன் மாமாவுக்கு அவருடைய அப்பா விட்டுவிட்டுப் போன சொத்து இரண்டு. ஒன்று மைக் செட். இன்னொன்று ஒற்றைத் தலைவலி. முதலாவதுதான் இரண்டாவதைக் கொண்டுவந்தது என்பது மாமாவின் அசைக்கமுடியாத நம்பிக்கை. அந்த நம்பிக்கையால் அவர் தன் மகளின் வாழ்க்கையையே வேறு பக்கம் திருப்பிவிடப் பார்த்தார். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

அவர் என் அக்கா வீட்டுக்காரர். கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில் நான் செல்போன் கடை வைத்திருக்கிறேன். என் கடைக்குப் பின்னால்தான் அவருடைய குடோன். 'பச்சைமுத்து சவுண்ட் சர்வீஸ்' என்று மாமாவின் அப்பா பேரைத் தகரத்தில் எழுதி, ஓரத்தில் ஒரு மயில் வரைந்திருக்கும். மயிலுக்குக் கால் ஒன்றுதான். வரைந்தவர் இன்னொரு காலை வரையுமுன் டீ குடிக்கப் போனவர், திரும்பவே இல்லையாம்.

மயிலத்திலிருந்து விக்கிரவாண்டி வரைக்கும் காது குத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், ஆடிக் கூழ், கருமாதி எதுவானாலும் மாமாவுடைய செட்தான். தென்னை மரத்தில் கட்டுகிற பழைய கூம்புக் குழாய்கள் முதல், நெஞ்சுக்கூட்டையே அதிரவைக்கிற புது பாக்ஸ் வரை எல்லாம் உண்டு. கோயிலைச் சுற்றி ஓடவிடுகிற சீரியல் லைட்டும் உண்டு. இப்படிச் சத்தத்தையும் வெளிச்சத்தையும் வைத்துப் பிழைக்கிற மனுஷனுக்கு, சத்தமும் வெளிச்சமும் ஆகவே ஆகாத வியாதி. வெடிக்கடைக்காரருக்கு ஆஸ்துமா வந்த மாதிரி இருக்கிறது மாமா என்று நான் கிண்டல் செய்வேன். அவர் சிரிக்கமாட்டார். கடைப்பக்கம் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மெதுவாகப் பேசு என்பார்.

ஏனென்றால் அந்த வீட்டில் தலைவலி என்ற வார்த்தையை வெளியில் சொல்லக்கூடாது. மைக் செட்காரனுக்கே தலைவலி என்று தெரிந்தால் எவன் ஆர்டர் கொடுப்பான் என்பது பச்சைமுத்து காலத்திலேயே போட்ட சட்டம். விசேஷ வீட்டில் நடுவில் தலைவலி வந்துவிட்டால் மாமா, 'வயிறு சரியில்ல' என்று சொல்லிவிட்டு, குட்டி யானை வண்டியின் முன் சீட்டில் ஏறிப் படுத்து, ஈரத்துண்டால் முகத்தை மூடிக்கொள்வார். நேர் மேலே மரத்தில் குழாய் அலறிக்கொண்டிருக்கும். அவருடைய தலைக்காக அந்தச் சத்தத்தை யாரும் ஒரு நாளும் குறைத்ததில்லை. அவரும் குறைக்கச் சொன்னதில்லை. மணிமாறனுக்கு வயிறு ரொம்ப வீக்கு என்று இந்தப் பக்கத்தில் ஊர் ஊராகப் பேச்சு. விருந்தில் அவர் இலைக்கு மட்டும் ரசம் கூடுதலாக வரும்.

அவருடைய ஒரே மகள் கலைப்பிரியா. திண்டிவனத்தில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தவள். அதற்கெல்லாம் முன்பே, பாவாடை சட்டை போட்ட வயதிலேயே, ஒயர் ஒட்டவும் குழாயை எந்தத் திசைக்குத் திருப்பினால் பக்கத்துத் தெருவரை கேட்கும் என்று பார்க்கவும் அவளுக்குத் தெரியும். அவளிடம் ஒரே ஒரு குறைதான். பஸ் ஏறினால் வாந்தி. விழுப்புரம் போய்வருவதற்குள் எலுமிச்சம்பழம் கசங்கி, என் சட்டையும் கசங்கிவிடும். வளர்ந்தால் சரியாகிவிடும் என்றார்கள். அவள் வளர்ந்தாள், வாந்தி கொஞ்சம் குறைந்தது, நாங்களும் அதை மறந்துவிட்டோம்.

படிப்பு முடிந்ததும் வேலைக்குப் போகமாட்டேன், செட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். மாமாவுக்கு வாயெல்லாம் பல். பொண்ணு மைக் செட் போடுவதா என்று கேட்ட இரண்டு பேரிடம், உன் வீட்டுப் பையனுக்கு ஸ்டார்ட்டர் மாட்டத் தெரியுமா என்று திருப்பிக் கேட்டார். அவள் வந்தபிறகு செட்டின் சத்தமே அழகாகிவிட்டது என்று நான் சொன்னால் சொந்தக்காரன் பேச்சு என்பீர்கள். ஆனால் மேளக்காரர்களே சொன்னார்கள்.

போன வருஷத்துக்கு முந்தைய ஆடியில்தான் வினை வந்தது. மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற நாள். நல்ல வெயில். கேப்பைக் கூழ் அண்டா அண்டாவாகக் கொதித்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் ஓடிக்கொண்டிருந்த கலைப்பிரியா, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸரில் கை வைத்தபடியே நின்றுவிட்டாள். பிறகு கோயில் சுவரைப் பிடித்துக்கொண்டு மாமாவைப் பார்த்தாள்.

"அப்பா, ஒரு கண்ணோரத்துல சீரியல் செட் எரியற மாதிரி இருக்குது," என்றாள்.

மாமாவின் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன். அந்த வார்த்தை அவருடையது. தலைவலி தொடங்குமுன் தன் கண்ணோரத்தில் என்ன தெரிகிறது என்பதை என் அக்காவிடம் அவர் அப்படித்தான் சொல்வார். மகளுக்கு முன்னால் ஒரு நாளும் சொன்னதில்லை. சிறிது நேரத்தில் அவள் வாந்தி எடுத்தாள். வண்டியின் முன் சீட்டில் அவளைப் படுக்கவைத்து, தன் ஈரத்துண்டை அவள் முகத்தில் போட்டார். விசாரித்தவர்களிடம், பெண்ணுக்கும் வயிறு சரியில்லை என்று சொன்னார்.

திண்டிவனத்தில் ஒரு நரம்பு டாக்டரம்மா. நானும் கூடப் போனேன். அந்த அம்மா நிதானமானவர். சின்ன வயதில் பஸ்ஸில் வாந்தி எடுப்பாளா என்று எடுத்த எடுப்பில் கேட்டார். இது எப்படி இந்த அம்மாவுக்குத் தெரியும் என்று மாமா என்னைப் பார்த்தார். அப்பாவுக்கு இருக்கிறதா என்ற கேள்விக்கு மாமா குரலை இறக்கி, இருக்கிறது, என் அப்பாவுக்கும் இருந்தது என்றார். உங்கள் கூடப்பிறந்தவர்களுக்கு என்று கேட்டார். அக்கா ஒருவர் விக்கிரவாண்டியில் இருக்கிறார், அவருக்கு ஒன்றும் கிடையாது, விரதமிருந்து வைரம் பாய்ந்த உடம்பு என்று மாமா பெருமையாகச் சொன்னார்.

இது பெரும்பாலும் குடும்பவழியாக வருவது, பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைக்கு வர ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்று டாக்டர் சொன்னார். சத்தம், வெளிச்சம், பட்டினி, தூக்கக்கேடு எல்லாம் அதைக் கிளப்பிவிடும் என்றும் சொன்னார். இதில் மாமாவின் காதில் ஏறியது இரண்டே வார்த்தை. சத்தம், வெளிச்சம். அப்பாவும் மைக் செட்காரர், நானும் மைக் செட்காரன், எங்கள் இரண்டு பேருக்கும் வந்தது, செட்டுப் பக்கமே போகாத அக்காவுக்கு வரவில்லை, இப்போது செட்டைத் தொட்ட மகளுக்கு வந்துவிட்டது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று திரும்பி வரும் வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து, செட்டை விற்கப்போகிறேன் என்று அறிவித்துவிட்டார்.

கலைப்பிரியா சொல்லிப் பார்த்தாள். ஒரு சத்தமும் இல்லாத பரீட்சை ஹாலில்கூட எனக்கு வந்திருக்கிறது, பயந்துகொண்டு சொல்லவில்லை என்றாள். நீ தவழ்ந்ததே ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில்தானே, அப்போது ஏறியது என்றார் மாமா. பிடிவாதத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. விழுப்புரத்தில் ஏசி போட்ட ஒரு ஆபீஸில் அவளுக்கு வேலையும் பார்த்துவிட்டார். அந்த வீட்டில் அப்பாவும் மகளும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். இடையில் தூது போய்ப் போய் எனக்குத்தான் தலைவலி வந்தது. அது வேறு தலைவலி.

ஆடி முடியட்டும் என்று காத்திருந்து, ஆவணியில் நல்ல நாள் பார்த்தார். வாங்கப்போகிறவர் விழுப்புரத்தில் விழா ஏற்பாடு செய்கிற தமிழ்மணி. நல்ல மனுஷன். அப்பா வைத்த தொழில் கை மாறும்போது கூடப்பிறந்தவர் இருக்கவேண்டும் என்று மாமா தன் அக்கா வீரம்மாளைக் கூப்பிட்டிருந்தார்.

வீரம்மாளைப் பற்றிச் சொல்லவேண்டும். விக்கிரவாண்டிப் பக்கம் அந்த அம்மாவுக்குச் சாமியம்மா என்று பேர். மணிமாறன் சின்னப் பையனாக இருக்கும்போதே கல்யாணமாகி அங்கே போனவர். அந்தக் கல்யாணத்துக்கு வாடகைக்கு வந்த மைக் செட்டைப் பார்த்து மயங்கித்தான் பச்சைமுத்து, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விவசாயத்தோடு சேர்த்துச் செட்டும் வாங்கினார். போன இடத்தில் வீரம்மாள் விரதம் இருக்க ஆரம்பித்தார். திடீரென்று ஒரு நாள் சாப்பாட்டைத் தள்ளிவிட்டு, கதவைச் சாத்தி, இருட்டறையில் படுத்துவிடுவார். தண்ணீர்கூட இறங்காது. அன்று செவ்வாய் என்றால் முருகனுக்கு என்றார்கள். சனி என்றால் பெருமாளுக்கு. புதன்கிழமை வந்தபோது மட்டும் ஊர் கொஞ்சம் குழம்பியது. பிறகு அதற்கும் ஒரு சாமியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மறுநாள் கதவைத் திறந்து வெளியே வரும்போது திருநீறு வாங்க நாலு பெண்கள் நிற்பார்கள். பஸ் ஏறமாட்டார், தீட்டுப் பார்க்கிறார் என்று அதற்கும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டார்கள்.

அன்றைக்கு அவரை மருமகள் பிரபாவதி ஸ்கூட்டரில் அழைத்து வந்தாள். உச்சி வெயிலில் வந்து இறங்கிய வீரம்மாள், இன்னிக்கு எனக்கு விரதம் என்று சொல்லிவிட்டு நேராக உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாங்களும் பழக்க தோஷத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டோம்.

வெளியே தமிழ்மணியின் ஆட்கள் பாக்ஸ்களை ஏற்ற ஆரம்பித்தார்கள். அதைப் பார்க்கப் பிடிக்காத கலைப்பிரியா, அத்தைக்குத் தண்ணீர் கொடுக்கிறேன் என்று உள்ளே போனாள். அங்கே நடந்ததைப் பிறகு அவளே சொன்னாள். அத்தை ஜன்னலில் போர்வையை மாட்டி, தலையை முந்தானையால் இறுக்கிக் கட்டி, ஒரு வாளியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். கலைப்பிரியா ஜன்னலில் போர்வை விலகியிருந்த இடத்தை இழுத்து மூடினாள். ஈரத்துணி கொண்டுவந்து அத்தையின் இடது நெற்றியில் வைத்தாள். இடதுபக்கம் என்று உனக்கு எப்படித் தெரியும் என்றார் வீரம்மாள். எனக்கும் அங்கேதான் என்றாள் அவள். யாரிடமும் சொல்லாதே என்று அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டார். சொல்லமாட்டேன் என்றவள், செட்டால்தான் எனக்கு இது வந்தது என்று அப்பா அதை விற்கிறார் அத்தை என்று சொல்லி, அப்படியே அந்த மடியில் முகத்தை வைத்து அழுதுவிட்டாள். வெளியே ஏற்றப்படுகிற ஒவ்வொரு பெட்டியின் சத்தமும் உள்ளே கேட்டுக்கொண்டிருந்தது.

கதவு திறந்தது. தலைக்கட்டோடு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நிலையைப் பிடித்தபடி வீரம்மாள் நின்றார்.

"டேய் மணி, பொட்டி ஏத்தறத நிறுத்தச் சொல்லு," என்றார். "எனக்கு இருக்கறது விரதம் இல்லடா. தலவலி."

பிரபாவதி வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா, வெயிலில் வந்த மயக்கம் என்று நினைத்து அக்காவை உட்காரவைக்கப் போனார். அவர் கையைத் தட்டிவிட்டு வீரம்மாள் சொன்னார். கல்யாணமாகிப் போன புதிதில் முதல்முறை வந்ததாம். நோஞ்சான் பெண்ணைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று மாமியார் பிறந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவாரோ என்ற பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னார், விரதம் என்று. மாமியார் பூரித்துப் போனார். அதற்குப் பிறகு இறங்க வழியில்லை. சந்தேகம் வரக்கூடாது என்று வெள்ளிக்கிழமைகளில் நிஜமாகவே பட்டினி கிடந்தால், அந்தப் பட்டினியே அடுத்த தலைவலியைக் கொண்டுவரும். அதற்கு ஒரு விரதம். இப்படியே காலம் ஓடிவிட்டது.

"கண்ணோரத்துல மொதல்ல பல்லுப் பல்லா மின்னும், கருக்கருவா மாதிரி," என்றார்.

"மெதுவா பெருசாவும்," என்றார் மணிமாறன்.

"அது போனதும் எடது பக்கம்..."

"ஆணி அடிப்பான்," என்று மாமா முடித்தார். அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார்.

"நான் எந்த மைக் செட்டுக்கிட்டடா நின்னேன்?" என்றார் வீரம்மாள். "அப்பாவுக்கு இந்தச் செட்டு வாங்கறதுக்கு முன்னாடியே உண்டு. மல்லாட்ட புடுங்கற அன்னிக்கு வரப்போரம் தலையில ஈரத்துண்டு போட்டுக்கினு படுத்துக்கும். அப்போ நீ சின்னப் புள்ள, ஒனக்குத் தெரியாது. கொழா மேல ஏண்டா பழி போடற? நம்ம ரத்தத்துல இருக்குது."

தமிழ்மணி ஒரு பாக்ஸை நெஞ்சில் தாங்கியபடி, ஏற்றுவதா இறக்குவதா என்று தெரியாமல் நின்றார். மாமா தன் மகளை ஏறிட்டுப் பார்த்தார். பேச்சு நின்றபிறகு அவர் அவளை நேராகப் பார்த்தது அன்றுதான்.

"அப்போ நாந்தான் ஒனக்குக் குடுத்தனா?" என்றார். கேட்கும்போதே குரல் உடைந்துவிட்டது.

"ஆமாம்ப்பா, நீதான் குடுத்த," என்றாள் கலைப்பிரியா. "தலைவலிய எனக்குக் குடுத்துட்டு, செட்ட மட்டும் தமிழ்மணி அண்ணனுக்குக் குடுக்கறியே, இது ஞாயமா?"

தமிழ்மணிதான் முதலில் அசைந்தார். கையிலிருந்த பாக்ஸைக் குடோனுக்குள் கொண்டுபோய் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஏற்றிய மற்றதையும் இறக்கச் சொல்லிவிட்டு, என் அக்கா கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

பிரபாவதிதான் பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் நின்றிருந்தாள். விரத நாளென்றால் மாமியார் காலில் விழுந்து கும்பிடுகிறவள் அவள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அன்றைக்கும் விழுந்தாள். அதான் விரதமே இல்லையே என்று வீரம்மாள் கூச்சத்தோடு காலை இழுத்துக்கொண்டார். இந்தத் தலையை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் எங்களுக்குப் பொங்கிப்போட்டதற்கு விழுகிறேன் என்றாள் மருமகள். வீரம்மாள் அழுததை நான் முதலும் கடைசியுமாகப் பார்த்தது அப்போதுதான்.

அடுத்த வாரம் தலைவலிக்காரர்கள் மூன்று பேரையும் குட்டி யானையில் ஏற்றி திண்டிவனத்துக்குக் கூட்டிப்போனேன். வாளி இரண்டு எடுத்துப்போனோம். டாக்டரம்மா வீரம்மாளைப் பார்த்துவிட்டு மாமாவைப் பார்த்த பார்வையில், வைரம் பாய்ந்த உடம்பு என்ற பேச்சை அவர் மறக்கவில்லை என்று தெரிந்தது. அப்போ என் குற்றம்தானா என்று மாமா அவரிடமும் கேட்டார். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். சிலருக்குப் பிறவியிலேயே கதவின் தாழ்ப்பாள் கொஞ்சம் லூசு. சின்னக் காற்றுக்கும் திறந்துகொள்ளும். அந்த லூசுத் தாழ்ப்பாள்தான் குடும்பத்தில் வருவது. ஒரே ஒரு மரபணு செய்கிற வேலையல்ல, பல சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவது. வெயில், பட்டினி, தூக்கக்கேடு, உங்கள் குழாய் எல்லாம் வெறும் காற்று. காற்றைக் குறைக்கலாம், தாழ்ப்பாளை மருந்தால் கொஞ்சம் இறுக்கலாம். கொடுத்தவர் மேல் கோபித்துப் பயனில்லை, அவர் தெரிந்து கொடுக்கவில்லை. மகளின் சுருட்டை முடியும் நல்ல காதும்கூட அதே ரத்தத்தில் வந்ததுதானே என்றார். மூன்று பேருக்கும் தனித்தனியாக மாத்திரை எழுதினார். வேளைக்குச் சாப்பிடச் சொன்னார். வீரம்மாளிடம் மட்டும் அதை அழுத்திச் சொன்னார்.

போன ஆடியில் அதே மாரியம்மன் கோயில், அதே கூழ். கலைப்பிரியா தலையில் தொப்பியும் காதில் பஞ்சுமாக மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். இந்தமுறை தலைவலி மாமாவுக்கு. மாத்திரை போட்டுக்கொண்டு, பழக்கப்படி வண்டியில் ஏறித் துண்டால் முகத்தை மூடிப் படுத்துவிட்டார். கலைப்பிரியா வண்டியைப் பார்த்தாள். சத்தத்தைக் குறைத்தாள். நன்றாகவே குறைத்தாள்.

விழாக்குழுக்காரர் ஓடிவந்தார். என்னம்மா செட்டு பேஜாரா, அம்மனுக்கே கேட்காது போலிருக்கிறதே என்றார். கலைப்பிரியா மைக்கை எடுத்தாள். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று எனக்குப் புரிந்தபோது, அது எல்லாக் குழாயிலும் கேட்டுவிட்டது.

"எங்க அப்பாவுக்குத் தலைவலிங்க. ஒற்றைத் தலைவலி. எனக்கும் உண்டு, எங்க அத்தைக்கும் உண்டு. மாத்திரை வேலை செய்யறவரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கங்க."

பச்சைமுத்து போட்ட சட்டம் பச்சைமுத்துவின் குழாயிலேயே ஊர் முழுக்க உடைந்தது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அடுத்த ஆர்டர் போச்சு என்று நினைத்தேன். கூழ் வரிசையில் நின்ற ஒரு பெண் மட்டும் விலகி வந்து, எந்த டாக்டரம்மா என்று, விழாவுக்கு வந்திருந்த வீரம்மாளிடம் கேட்டாள். பிறகு இன்னொருத்தி வந்தாள். பிறகு, யாரும் பார்க்காதபோது, அந்த விழாக்குழுக்காரரே வந்தார்.

வண்டிக்குள் மாமா துண்டை எடுக்கவே இல்லை. என் அக்கா போய் எட்டிப் பார்த்தபோது, துண்டுக்குக் கீழே காதோரமாகக் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்ததாம். தலைவலி என்றால் கண்ணில் தண்ணீர் வரத்தான் செய்யும், நீ போய்ப் பாப்பாவுக்கு வேளைக்குக் கூழ் கொடு என்று சொன்னாராம். அவர் எழுந்து வரும்வரைக்கும் மேலே குழாய்கள் மெதுவாகவே பாடிக்கொண்டிருந்தன.